தெய்வசிகாமணியின் தாடி

இன்னும் மூன்று தலை. ஒன்று நாற்காலியில், இரண்டு பெஞ்சில். நாற்காலித் தலைக்கு முடி கொஞ்சம்தான், ஆனால் காதுக்கு மேலே கோடு போடச் சொல்லிவிட்டது, கோடு என்றால் கால் மணி நேரம். பெஞ்சில் ஒருத்தர் வழுக்கை. அந்த மட்டில் லாபம். தெய்வசிகாமணி சலூன் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதே முக்கால். அது நாலு நிமிஷம் முன்னால் ஓடுகிற கடிகாரம் என்பதும் தெரியும். பஸ் டெப்போவில் இருபத்தொன்பது வருஷம் டைம் கீப்பராக இருந்தவருக்கு அடுத்தவன் கடிகாரத்தின் பிழைதான் முதலில் கண்ணில் படும். பன்னிரண்டு மணிக்கு விருகம்பாக்கத்தில் இருக்க வேண்டும். சாலிகிராமத்திலிருந்து நடந்தால் இருபது நிமிஷம். நடந்தால் வேர்க்கும், வேர்த்தால் சட்டை முதுகில் ஒட்டும், ஜட்ஜ் வேஷத்துக்குப் போகிறவன் அப்படிப் போய் நிற்கக் கூடாது. ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். நேற்று செவ்வாய், கடை இல்லை, அதனால்தான் இன்றைக்கு இந்தக் கூட்டம். எட்டு மணிக்கே வந்திருக்கலாம். வந்தார். வாசல் வரை வந்து, திரும்பிப் போய் ஒரு டீ குடித்தார், ஒன்பதுக்கு இன்னொரு டீ. எடுப்பதா, வேண்டாமா. தாடிக்குள் வேர்வை ஊர்ந்தது. பதினான்கு மாதமாக ஊர்கிறது. சொறிந்தால் முடி உதிரும் என்று விரல் நுனியால் தட்டிக்கொள்ளப் பழகியிருந்தார். இப்போதும் தட்டிக்கொண்டார். இன்னும் ஒரு மணி நேரத்தில் போகப்போகிற முடிக்கு இந்த மரியாதை. போகப்போகிறதா என்ன.

ஆறு வருஷத்தில் அவர் நம்பருக்கே நேராக வந்த அழைப்பு இது இரண்டாவது. மற்றதெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் கிடைப்பவை. அப்படி ஏழு குரூப். ஒவ்வொன்றிலும் ஐந்நூறு பேர், ஐந்நூறு பேருக்கும் அறுபது வயது, ஐந்நூறு பேரும் அப்பா வேஷம் கட்டுவார்கள். தாசில்தார் வேஷத்துக்கு ஒரு ஆள் தேவை என்று ஒரு வரி விழுந்தால் போதும், மூச்சு விடுவதற்குள் முந்நூறு போட்டோ வந்து குவியும். மேனேஜர் வைத்திருப்பவனுக்கு மேனேஜர் பேசுவான். மேனேஜர் இல்லாதவன் தானே போட்டோ எடுத்து, தானே அனுப்பி, தானே 'வணக்கம் சார்' போட்டு, பதில் வராததற்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொள்ள வேண்டும். இது அப்படி இல்லை, விடிகாலையில் அவர் போனுக்கே வந்த செய்தி. சித்திரையில் ஆபீஸ் ஆபீஸாகப் போய்ப் பாலிதீன் கவரிலிருந்து போட்டோ எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாரே, அதில் ஏதோ ஒரு ஆபீஸ். கொடுத்தது பழைய போட்டோ, தாடி இல்லாதது. அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜட்ஜ் வேஷம். பதினோரு சீன். வசனம் உண்டு. கடைசி வரியில், முகம் சுத்தமாகச் சவரம் செய்திருக்க வேண்டும், தாடியோடு வந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். யாரோ அவரைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதிய மாதிரி. பதினோரு சீன். இதுவரை நடித்ததை எல்லாம் சேர்த்து ஒட்டினாலும் பதினோரு சீன் தேறாது. சாவு வீட்டில் உட்கார்ந்திருந்தது, பஸ்ஸில் மூன்றாவது சீட், 'ஐயா வர்றாங்க' என்று ஒரு வரி, அதுவும் டப்பிங்கில் வேறு குரல். 'இந்த வழக்கில்' என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். இந்த வழக்கில். குரல் வயிற்றிலிருந்து வர வேண்டும். இந்த வழக்கில். அதற்குமேல் போகவில்லை, தீர்ப்பு என்னவென்று தெரிந்தால்தானே.

கண்ணாடியின் மூலையில் தாடியோடு எடுத்த போட்டோ. சலூன்காரன் குப்புராஜ்தான் ஒட்டிவைத்தது, நூல் கட்டிய எலுமிச்சம்பழத்துக்குக் கீழே. முன்புறம், இடது, வலது என்று மூன்று தெய்வசிகாமணி, மூன்றுக்கும் ஒரே அளவு தாடி. போன வருஷம் ஆனியில், திருத்தணிக்குப் பக்கத்தில் இரண்டு நாள் ஷூட்டிங். காணாமல் போன மகனைத் தேடுகிற அப்பா. நடந்தார், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தார், பைப்பில் தண்ணீர் குடித்தார். பாக்கி ஒரு சீன். போலீஸ் ஸ்டேஷனில், நாலு பக்கம், முழுக்க அவர் பேச்சு. டைரக்டரே தோளில் கை போட்டுச் சொன்னான், ஐயா, தாடி இதே அளவுல இருக்கட்டும், கண்டினியூட்டி இருக்கு, ஒரு முடி கூடினாலும் குறைஞ்சாலும் ஸ்கிரீன்ல காட்டிக் கொடுத்துடும். இன்றைக்கு வராந்தாவில் உட்கார்ந்தவன் என்றைக்கோ எடுக்கப்போகிற ஸ்டேஷனிலும் அதே முகத்தோடு நுழைய வேண்டும், அதுதான் கண்டினியூட்டி. ஆடியில் படம் நின்றது. யாரோ காசு போடுகிறவர் விலகினார் என்றார்கள். மறுபடி ஆரம்பிக்கும் என்றார்கள். அன்றிலிருந்து பத்து நாளைக்கு ஒரு தடவை இந்த நாற்காலி. குப்புராஜ் போட்டோவைப் பார்ப்பான், சீப்பை வைப்பான், போட்டோவைப் பார்ப்பான், நறுக்குவான். தாடை எலும்புக்குக் கீழே ஒரு விரற்கடை, கூடாமல் குறையாமல். போன மாதம் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான், "சார், நீளம் அப்படியே இருக்கு. ஆனா போட்டோவுல இவ்வளவு வெள்ளை இல்லையே." அதற்கு என்ன பண்ணுவது. எண்ணிப் பத்து முடிக்கு மை தடவினான். மீதியை லைட்டிங்கில் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். வரும்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. தாடி இருக்கிறவரைக்கும் அவர் ஒரு படத்தில் இருக்கிறார். டீக்கடையில் கேட்டால் சொல்லலாம், பஸ்ஸில் பழைய டிரைவர் பார்த்துவிட்டு என்ன சார் இது கோலம் என்றால் சொல்லலாம். இல்லாவிட்டால் ரிட்டையர் ஆன ஒருத்தர், ஒரு பாலிதீன் கவர். அவ்வளவுதான்.

கல்யாணம். அங்கே போகாதே என்றால் மனசு அங்கேதான் போய் நிற்கும். ஜனவரியில் வினோதினி கல்யாணம். ஒரே மகள். முந்தின நாள் மண்டபத்தில், மருதாணிக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, ஒரு நாளைக்குப்பா. மழிச்சுட்டு நில்லுங்க. போட்டோ காலத்துக்கும் இருக்கும்." அவர் சொன்னார், "முடியாதும்மா." விளக்கமாகச் சொல்லியிருக்கலாம். சொன்னார் என்றுதான் ஞாபகம். வளர மூணு மாசம் ஆகும், நடுவில கூப்பிட்டுட்டா என்ன பண்றது, ஆறு வருஷத்துல கிடைச்ச ஒரே சீன். அவள் கையை ஊதிக்கொண்டு எழுந்து போனாள். தாரை வார்க்கும்போது மாப்பிள்ளையின் மாமன் ஒருத்தர் குனிந்து, மைக்கில் கேட்கிற மாதிரியே, "சம்பந்தி வீட்ல எதுவும் துக்கமா?" என்றார். மகள் நிமிராமலே பதில் சொன்னாள். "இல்லைங்க. அப்பா படத்துல நடிக்கிறாங்க. அதுக்காக வச்சிருக்காங்க." ஆல்பத்தில் நாற்பது பக்கம், நாற்பதிலும் பிச்சைக்கு வந்தவன் மாதிரி ஓரத்தில் ஒருத்தன். மனைவி கமலவேணி ஆல்பத்தை மூடிவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள், "உங்களுக்கு மூத்தது இந்தத் தாடிதான். பொண்ணு ரெண்டாவது." இருபத்தாறு வருஷம் வளர்த்த பெண்ணுக்கு எடுக்காததை இன்றைக்கு எவனோ ஒரு ஜட்ஜுக்கு எடுக்கலாமா. எடுத்தால் அன்றைக்கு நின்றதற்கு என்ன அர்த்தம். எடுக்காவிட்டால் இன்றைக்கு உட்கார்ந்திருப்பதற்கு என்ன அர்த்தம். மனசு இந்த இடத்தில் வந்து முட்டும். பின்னால் போகும். மறுபடி வந்து முட்டும். ரிவர்ஸ் தெரியாத டிரைவர் மாதிரி.

"என்னய்யா, கண்டினியூட்டியா?" என்று கேட்டுக்கொண்டே ஜெயசீலன் உள்ளே வந்தான். அதே வயசு, அதே அலைச்சல். பாளையங்கோட்டைக்காரன், ஸ்கூல் வாத்தியாராக இருந்து வந்தவன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சவரம், அதுதான் அவன் கொள்கை. முகத்தைக் காலி வீடு மாதிரி வச்சிருக்கணும்லே, அப்பதான் எவனும் குடிவருவான் என்பான். பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான், பவுடர் வாசனை. "எங்கயாவது ஷூட்டிங் கால் இருக்கா?" தெய்வசிகாமணி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணுமில்ல" என்றார். பொய் வாயில் வழுக்கிக்கொண்டு வந்தது. இதற்கு ஒத்திகை வேண்டாம், ஏழு குரூப்பிலும் எல்லோரும் எல்லோரிடமும் சொல்வது இதுதான். ஒருத்தனிடம் சொன்னால் அவன் தன் மச்சானையும் கூட்டிக்கொண்டு வரிசையில் முன்னால் நிற்பான். ஜெயசீலனும் போன வருஷம் தாத்தா வேஷம் ஒன்றைச் சொல்லாமல் போய் வாங்கினான், பிறகு பல்லைக் காட்டிக்கொண்டு வந்து போண்டா வாங்கிக் கொடுத்தான். "சலவைச் சட்டை போட்டிருக்கே?" என்றான் இப்போது. "கோயிலுக்கு." "புதன்கிழமை எந்தச் சாமி உன்னைக் கூப்பிட்டுச்சு?" பெஞ்சில் இருந்த வழுக்கை சிரித்தார். தெய்வசிகாமணி சிரிக்கவில்லை. நாற்காலித் தலை எழுந்துவிட்டது. இன்னும் இரண்டு.

கேட்டுவிட வேண்டியதுதான். நவநீதனைக் கேட்டால் ஒரு நிமிஷம். அந்தப் படத்தின் உதவி இயக்குநர், நல்ல பிள்ளை, வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது விசிறி கொண்டுவந்து வைத்தவன். பதினான்கு மாதமாகத் தினம் காலையில் ரோஜாப்பூப் படத்தோடு ஒரு வணக்கம் அனுப்புகிறார். நாலு நாளைக்கு ஒரு தடவை அவனிடமிருந்து ஒரு கைகூப்பு வரும். படம் என்னாச்சு என்று மட்டும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது. கேட்கிறவனை நச்சரிக்கிற ஆள் என்று பெயர் வைத்துவிடுவார்கள், பெயர் விழுந்தால் வெட்டிவிடுவார்கள், இது சினிமாவில் எல்லோரும் சொல்கிற பாடம். அதனால் அந்தக் கைகூப்பை வைத்தே கணக்குப் போட்டார். சீக்கிரம் வந்தால் படம் உயிரோடு இருக்கிறது. இரண்டு கைகூப்பு வந்தால் தேதி நெருங்குகிறது. ஆவணி பிறந்த அன்று மூன்று வந்தது, அன்றைக்கு முழுக்க ஸ்டேஷன் சீனைக் குளியலறையில் பேசிப் பார்த்தார். உண்மையில் பயம் நச்சரிப்பு இல்லை. கேட்காதவரைக்கும் இருக்கிறது, கேட்டால் இல்லாமல் போய்விடும், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் கவரைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்ட அவருடைய தம்பி மாதிரி. தம்பியும் மூன்று வாரம் நன்றாகத்தான் இருந்தான். வழுக்கைக்குப் பத்து நிமிஷம். அவர் டைப் அடித்தார், கட்டை விரலால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு. 'தம்பி, ஒரு சின்ன விஷயம். தாடி எடுக்கலாமா?' அனுப்பிவிட்டு போனைத் தொடைமேல் கவிழ்த்து வைத்தார். நிமிர்த்தினார். பார்த்துவிட்டான். டைப் அடிக்கிறான். நின்றுவிட்டான். மறுபடி அடிக்கிறான். குப்புராஜ் தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம். எங்கோ ஆட்டோ ஹாரன். வேண்டாம் சார், அடுத்த வாரம் தேதி என்று வந்தால் ஜட்ஜ் போகட்டும், எழுந்து போய்விடலாம். வந்தது.

'வணக்கம் சார். எந்தத் தாடி சார்?'

அவர் அதை ஒரு தடவைதான் படித்தார். கண் மட்டும் அங்கேயே நின்றது. கீழே அடுத்தது வந்து விழுந்தது. 'ஓ, அந்த அப்பா கேரக்டரா சார்? அது டிசம்பர்லயே வேற ஆர்ட்டிஸ்ட் வச்சு ரீஷூட் பண்ணி முடிச்சாச்சு. ஆபீஸ்ல சொல்லலையா? சாரி சார்.' அதற்குக் கீழே இரண்டு கைகூப்பு.

"சார், வாங்க" என்று குப்புராஜ் நாற்காலியைத் தட்டினான். நடுவில் இருந்த ஒரு தலை எப்போது போனது என்று தெரியவில்லை. எழுந்து போய் உட்கார்ந்தார். துணி கழுத்தைச் சுற்றி இறுகியது. கண்ணாடியில் ஒரு தாடி, மூலையில் மூன்று தாடி, நாலும் அவரையே பார்த்தன. டிசம்பரிலேயே. அப்படியானால் டிசம்பருக்குப் பிறகு குப்புராஜ் நறுக்கியதெல்லாம் எதற்கு. இருபது, இருபத்தைந்து தடவை இருக்கும். மை தடவிய அந்தப் பத்து முடி. கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. கடைசி பஸ் டெப்போவுக்குள் வந்து நின்று என்ஜின் அணைந்த பிறகு காதில் ஒரு வெறுமை இருக்குமே, அதுதான் வந்தது. வேறு ஆள். யாராக இருக்கும். அவனும் தாடி வைத்திருந்திருப்பான், ஒட்டுத் தாடியாகக்கூட இருக்கலாம், இரண்டு நாள் வேலை, சாயங்காலம் பிய்த்துப் போட்டுவிட்டுப் போயிருப்பான். டிசம்பர். ஜனவரி. டிசம்பருக்கு அடுத்தது ஜனவரி. அதை நினைக்காமல் தாண்டப் பார்த்தார், முடியவில்லை. மருதாணிக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் வந்து உட்கார்ந்தபோது அந்த சீன் முடிந்து ஒரு மாசம் ஆகியிருந்தது. "வழக்கம்போலத்தானே சார்?" என்றான் குப்புராஜ், கத்தரியும் சீப்புமாக. "இல்ல. முழுசா எடுத்துடு." குப்புராஜின் கை நின்றது. பெஞ்சிலிருந்து ஜெயசீலன் நிமிர்ந்தான். "சீன் முடிஞ்சுதா?" "முடிஞ்சுது." "எப்ப எடுத்தாங்க? சொல்லவே இல்ல பாத்தியா." குப்புராஜ் கத்தரியை வைத்துவிட்டு நுரைக் கிண்ணத்தை எடுத்தான். பிரஷ் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தது. தெய்வசிகாமணி துணிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தார். "ஒரு நிமிஷம் இரு. ஒரு போன்."

எதற்குக் கூப்பிடுகிறோம் என்று தெரிந்து கூப்பிடவில்லை. மணி அடித்தது. அரக்கோணத்தில், புகுந்த வீட்டில், வினோதினி இந்நேரம் சமையல் வேலையாக இருப்பாள். ஏழாம் மாசம், நின்றுகொண்டே இருக்கக் கூடாது என்று யாராவது சொல்வார்களா அங்கே.

"சொல்லுங்கப்பா. அம்மாவுக்கு ஏதாவதா?"

"அம்மா நல்லா இருக்கா. அந்தப் படத்துல நான் இல்லைம்மா."

"எந்தப் படம்?"

"தாடி வச்ச படம். வேற ஆளப் போட்டு எடுத்துட்டாங்க. இப்பதான் தெரிஞ்சுது."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அவள் எதையோ அணைத்தாள், கதவை ஒருக்களித்தாள். குரல் தணிந்து வந்தது. "எப்ப எடுத்தாங்களாம்?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். போன மாசம் என்றிருக்கலாம். "டிசம்பர்ல."

அவள் கணக்குப் போடுகிறாள். பெரிய கணக்கு இல்லை. குப்புராஜ் பிரஷ்ஷை நுரையில் சுற்றிக்கொண்டே இருந்தான், நுரை கிண்ணத்துக்கு மேலே எழும்பியது.

"எடுத்துட்டீங்களா தாடிய?"

"எடுக்கத்தான் உக்காந்திருக்கேன்."

"எடுக்காதீங்க."

"என்னம்மா?"

"எடுக்காதீங்கப்பா. அடுத்த வெள்ளிக்கிழமை வளைகாப்பு. இவங்க பக்கம் அறுபது பேர் வர்றாங்க. எங்க அத்தை எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காங்க, எங்க சம்பந்தி சினிமால நடிக்கிறாருன்னு. கல்யாணத்தன்னிக்கு நான்தான் சொன்னேன், அதிலேர்ந்து அவங்களுக்கு அது பெருமை. பக்கத்து வீட்டுக்காரங்களக் கூட்டிட்டு வந்து ஆல்பத்தக் காட்டுறாங்க, இதான் அந்தத் தாடின்னு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "மழிச்சுட்டு வந்தீங்கன்னா படம் முடிஞ்சுதா, எப்ப வருதுன்னு கேப்பாங்க. வந்தா அதுல வேற ஆளு இருப்பாரு. நான் அன்னிக்கு எல்லார் முன்னாடியும் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

"படம் எப்படியும் வருமேம்மா."

"வரட்டும். அப்ப நான் அங்க வந்து குழந்தையோட இருப்பேன். அப்ப பாத்துக்கலாம். இந்த ஒரு நாளைக்குத் தாடியோட வாங்க." பிறகு, "அம்மாகிட்ட டிசம்பர்னு சொல்லாதீங்க" என்றாள்.

ஜட்ஜைப் பற்றி இப்போது சொல்லலாம். பதினோரு சீன், பன்னிரண்டு மணி, சுத்தமான முகம். சொன்னால் எடுத்துக்கோங்கப்பா என்றுகூடச் சொல்லிவிடுவாள், சொல்லக்கூடிய பெண்தான். முந்தியும் இப்படித்தானே கையை ஊதிக்கொண்டு எழுந்து போனாள். நாக்கு நுனிக்கு வந்தது. ஒட்டுத் தாடி வைத்துக்கொண்டு போனால் என்ன என்றும் தோன்றியது, வெயிலில் கோந்து இளகி, சந்தனம் எடுத்துப் பூசிக்கொள்ளும்போது தன் கையோடே ஒரு பக்கம் வந்துவிட்டால். பெற்ற மகளின் வளைகாப்புக்கு வேஷம் கட்டிக்கொண்டு போகிற அளவுக்கு இன்னும் போகவில்லை. இப்போது இருக்கிறதும் வேஷம்தான். ஆனால் சொந்த முடி. ஒன்பது நாளில் வளர்வது இல்லை இது, ஒன்று பதினோரு சீன், இல்லாவிட்டால் அவள் வாய்வார்த்தை. இரண்டும் ஒரே முகத்தில் நிற்காது. அறுபத்தோரு வயசில் இன்னொரு தடவை நேராக அவர் நம்பருக்கே அழைப்பு வருமா. வரும் என்று நினைக்கத்தான் இத்தனை வருஷமும் பழகியிருந்தார். இன்றைக்கு அந்தப் பழக்கமும் வரவில்லை. அசதி. சும்மா உட்கார்ந்திருந்ததிலேயே இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"சரிம்மா. தாடியோட வர்றேன். நின்னுக்கிட்டே வேலை பாக்காத."

போனை வைத்தார். குப்புராஜ் நுரையோடு கிட்ட வந்தான். தெய்வசிகாமணி கழுத்துத் துணியைத் தானே அவிழ்த்தார். "வேணாம் குப்பு. அடுத்த வியாழக்கிழமை வர்றேன், அளவு பாத்து வெட்டிவிடு." குப்புராஜ் பிரஷ்ஷையும் அவரையும் பார்த்தான். கலக்கின நுரையை என்ன செய்வது என்று அவன் கவலை. "இவனுக்குப் போடு" என்றார், ஜெயசீலனைக் காட்டி.

ஜெயசீலன் எழுந்து வந்தான். "என்னய்யா, எடுக்கச் சொன்னே, வேணாங்கிற. மண்டை குழம்பிடுச்சா?" தெய்வசிகாமணி போனைத் திறந்து அந்த விடிகாலைச் செய்தியை அவனுக்கு அனுப்பினார். அவன் சட்டைப்பையில் டிங் என்றது. படித்தான். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது, சந்தேகம்தான் முதலில். "இன்னைக்கா? பன்னெண்டு மணிக்கா? ஒண்ணுமில்லன்னியே."

"இப்ப சொல்றேன். என் பேரச் சொல்லு. தெரியாதும்பாங்க. பரவாயில்ல, சொல்லு. குரலை வயித்துலேர்ந்து எடு, மூக்கால பேசாத."

"நீ ஏன் போகல? பதினோரு சீனுய்யா."

"எனக்கு வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"பொண்ணுக்கு வளைகாப்பு."

"வளைகாப்புல அப்பனுக்கு என்னய்யா வேலை? பொம்பளைங்க பாத்துக்குவாங்க."

தெய்வசிகாமணி பாலிதீன் கவரை அக்குளில் இடுக்கிக்கொண்டார். வாசலில் வெயில் வெள்ளையாக அடித்தது. "ஒரு ஓரமா நிக்கணும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.